எல்டிஎல் 192, வயது 38, அப்பாவுக்கு 49-ல் மாரடைப்பு: மாத்திரையை ஆரம்பிக்கலாமா?

பனியன்கம்பெனி

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு யூனிட்டில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனியில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள், எல்லோரும் போகிறார்களே என்று நானும் கையை நீட்டினேன். ரிப்போர்ட் இது: மொத்த கொலஸ்ட்ரால் 271, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 41, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 190, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 192. சர்க்கரை இல்லை, பிரஷர் 124/80. சிகரெட் கிடையாது, தண்ணி எப்போதாவது கல்யாண வீட்டில். எடை 66, ஆள் ஒல்லிதான். கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்படியிருக்க 192 எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை.

அப்பா 49 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். பெரிய சித்தப்பாவுக்கு 51-ல் பைபாஸ். இதைக் கேட்டதும் டாக்டர் அதிகம் பேசவில்லை, ரோசுவாஸ்டாடின் 20 எழுதிக் கொடுத்து, ரெண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு வாங்க என்றார். வீட்டில் ஒரே ரகளை. ஆரம்பித்தால் சாகும்வரை நிறுத்த முடியாது, ஈரல் போய்விடும், சுகர் வந்துவிடும் என்கிறார் மச்சான். அம்மா பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர் எல்லாம் காய்ச்சித் தேன் கலந்து ஒரு பாட்டில் தயார் பண்ணி வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததாம், அடைப்பே கரைந்துவிடுமாம். மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது.

மூன்று மாதம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

செக்காட்டி

பயப்படாதீர்கள் நண்பா. நம் தாத்தா பாட்டி எந்த லேபுக்குப் போனார்கள்? செக்கில் ஆட்டிய எண்ணெயும் வீட்டு நெய்யும் சாப்பிட்டு 80 வயது வரை காட்டில் வேலை பார்த்தார்கள். ரீஃபைண்ட் எண்ணெய் வந்த பிறகுதான் இந்த வியாதியெல்லாம். கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால் உடம்பில் ஹார்மோனே உருவாகாது, மூளை வேலை செய்யாது. அதைப் போய் மாத்திரை போட்டுக் குறைப்பதா? நார்மல் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து எல்லோரையும் நோயாளி ஆக்கியது மருந்துக் கம்பெனிகள். கொள்ளு ரசம், சின்ன வெங்காயம், காலையில் நடை. மாத்திரையைத் தொடாதீர்கள்.

லேப்சேது

அண்ணன் சொன்னதற்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும், நான் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிறேன். லேபில் இருப்பவன், டாக்டர் இல்லை.

உங்கள் எல்டிஎல் நேரடியாக அளந்தது மாதிரி தெரியவில்லை, கணக்குப் போட்டு எடுத்தது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள்: 271 − 41 − 38 = 192. 1972-ல் வந்த ஃபிரீட்வால்ட் சூத்திரம், இன்னும் நம் ஊர் லேப் பாதியில் இதுதான் ஓடுகிறது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். உங்களுக்கு 190 தான், அதனால் 192-ஐ நம்பலாம். முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டேன், வெறும் வயிறா இல்லையா என்று குழம்ப வேண்டாம், சாப்பாட்டால் ஆடுவது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடுதான், எல்டிஎல் அந்த அளவுக்கு ஆடாது.

இன்னொரு எண் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்காது, நீங்களே போட்டுக்கொள்ளலாம். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தால் 230. இதை நான்-எச்டிஎல் என்பார்கள். ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லா வகையும் சேர்ந்தது இதில் அடங்கும். ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருப்பவர்களுக்கு எல்டிஎல்லைவிட இது நம்பகமானது.

ரிப்போர்ட்டின் வலப்பக்கம் "நார்மல் அளவு" என்று ஒரு வரிசை இருக்குமே, அது எல்லோருக்கும் ஒரே அச்சு. உங்கள் அப்பா 49-ல் போனது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. அதைப் பார்த்துக் கொஞ்சம்தானே கூட இருக்கிறது என்று நினைப்பவர்களை தினமும் கவுண்டரில் பார்க்கிறேன்.

மல்லிகா_கரூர்

தம்பி, முதலில் தைராய்டு பார்த்தீர்களா? எனக்கு எல்டிஎல் 178 வந்தபோது எண்ணெய், தேங்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அரைப்பட்டினி கிடந்தேன், ஒன்றும் இறங்கவில்லை. வேறு ஒரு டாக்டர் டிஎஸ்எச் என்ற தைராய்டு சோதனை எழுதிக் கொடுத்தார், 30-க்கு மேல் இருந்தது. தைராக்சின் ஆரம்பித்த பிறகு கொலஸ்ட்ராலுக்கென்று தனி மாத்திரை இல்லாமலே எல்டிஎல் 118-க்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்தை ஏன் விட வேண்டும்?

வெண்ணெய்டீ

இரண்டு வருடமாக பேலியோவில் (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் டயட்) இருக்கிறேன். எடை நன்றாக இறங்கியது, சுகர் மாத்திரையை விட்டேன். ட்ரைகிளிசரைடு 62, எச்டிஎல் 71. எல்டிஎல் மட்டும் 236. ஆனால் ட்ரைகிளிசரைடு-எச்டிஎல் விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் ஆபத்தில்லை, அது பெரிய துகள், ரத்தக்குழாயில் படியாது. ஓபி (இழையை ஆரம்பித்தவர்) அண்ணனுக்குப் பிரச்சினை அரிசியும் பரோட்டாவும்தான். மாவுச்சத்தைக் குறையுங்கள், மற்றது தானாகச் சரியாகும்.

ராத்திரிடூட்டி

அரசு மருத்துவமனையில் பொதுமருத்துவம் பார்க்கிறேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கவும்.

முதலில் ஓபிக்கு. 38 வயது, எல்டிஎல் 190-க்கு மேல், அப்பாவுக்கு 49-ல் மாரடைப்பு, சித்தப்பாவுக்கு 51-ல் பைபாஸ். இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் வரும் சந்தேகம் பரம்பரை கொலஸ்ட்ரால். 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது, அவ்வளவு அரிதான நோய் இல்லை. இது சாப்பாட்டால் வருவது கிடையாது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்க ஈரல் செல்லின் மேல் ஒரு ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் கொடுத்தார்கள். சிலருக்குப் பிறவியிலேயே அது பாதிதான் வேலை செய்யும். அதனால் பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் உயரமாக இருக்கும். நீங்கள் ஒல்லியாக இருந்தும் 192 வந்ததற்கு இதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். உடம்பின் கொலஸ்ட்ராலில் முக்கால் பங்குக்கு மேல் உடம்பே தயாரிப்பது, ஞாயிற்றுக்கிழமைக் கறி அதில் சின்னப் பங்குதான்.

கண்ணாடியில் கண்ணைப் பாருங்கள், கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறதா, இமையில் மஞ்சள் திட்டு இருக்கிறதா. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பரம்பரை இல்லை என்று அர்த்தமில்லை, வளையமோ திட்டோ இருந்தால் சந்தேகம் கூடும், தசைநார் தடித்திருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

மூன்று மாதம் சாப்பாட்டில் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். வீட்டுச் சாப்பாட்டை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் எல்டிஎல் பொதுவாக 10–15 சதவீதம் குறையும். 192 என்பது 165 ஆகும். உங்கள் குடும்ப வரலாற்றுக்கு 165 போதாது. இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஆபத்து குறைவாக இருப்பவர்களுக்கே 100-க்குக் கீழ், அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துக்காரர்களுக்கு 55-க்குக் கீழ் என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் நடுவில் வருகிறீர்கள். 190-க்கு மேல் போனால் எந்த ஆபத்துக் கணக்கும் போடாமலே ஸ்டாடின் (உங்கள் ரோசுவாஸ்டாடின் வகை மாத்திரை) ஆரம்பிக்கலாம் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். உங்கள் டாக்டர் அவசரப்படவில்லை.

மல்லிகா அக்கா சொன்ன தைராய்டு ரொம்பச் சரி, கண்டிப்பாகப் பாருங்கள். கூடவே சிறுநீரில் புரதம், ஈரலுக்கு எஸ்ஜிபிடி, மூன்று மாத சராசரி சர்க்கரை. இன்னொன்று லிப்போபுரோட்டீன் ஏ. இது எல்டிஎல்லின் தம்பி மாதிரி, முழுக்க பரம்பரைச் சொத்து, சாப்பாட்டாலோ நடையாலோ அசையாது. தெற்காசியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது கூடுதல். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

அடுத்து வெண்ணெய்டீ. சுகர் குறைந்தது, எடை இறங்கியது நல்ல விஷயம், அதில் சண்டை இல்லை. ஆனால் எச்டிஎல் 71 இருந்தால் எல்டிஎல் 236 ஒன்றும் செய்யாது என்பதை நம்பாதீர்கள். எச்டிஎல்லை மருந்தால் ஏற்றிப் பார்த்தார்கள், டோர்செட்ராபிப் என்ற மருந்தை 2006-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், எச்டிஎல் ஏறியது, இறந்தவர்களும் கூடினார்கள். நயாசின் என்ற இன்னொரு மருந்தும் உதவவில்லை. எச்டிஎல் ஒரு அடையாளம், அது காவல்காரன் இல்லை. பெரிய துகளும் படியத்தான் செய்யும், சிறியது மட்டும் படியும் என்பது பழைய கதை. நெய்யையும் வெண்ணெயையும் குறைத்து அதே மாவுச்சத்துக் கட்டுப்பாட்டை மீன், நிலக்கடலை, நல்லெண்ணெய் வைத்துச் செய்து பாருங்கள், எல்டிஎல் இறங்கிவிடலாம். இறங்காவிட்டால் உங்களுக்கும் மாத்திரைதான்.

செக்காட்டி

டாக்டர் சார், மருந்துக் கம்பெனி பேச்சை அப்படியே பேசுகிறீர்கள். கெமிக்கலை வாழ்நாள் முழுக்க விழுங்கச் சொல்வதுதான் வைத்தியமா?

ராத்திரிடூட்டி

கெமிக்கல் என்றால் எது? முதல் ஸ்டாடினைக் கண்டுபிடித்த அகிரா எண்டோ, 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்துப் பார்த்து 1973-ல் கண்டது ஒரு பூஞ்சையில். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த நீலப் பச்சைப் பூஞ்சை. மனிதர் 2024-ல் 90 வயதில் காலமானார். அந்த வகையின் முதல் மருந்தாக 1987-ல் அமெரிக்காவில் லோவாஸ்டாடின் வந்தது. சிவப்புப் பூஞ்சை அரிசி என்று "இயற்கை மருந்து" விற்கிறார்களே, அதில் இருப்பதும் அதே லோவாஸ்டாடின்தான், அளவு மட்டும் யாருக்கும் தெரியாது.

1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இதயநோய் உள்ள 4,444 பேரை வைத்து சிம்வாஸ்டாடின் ஆய்வு வந்தது. ஐந்து வருடத்துக்குச் சற்று கூடுதல் காலத்தில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 சதவீதம் பேர் இறந்தார்கள், நிஜ மாத்திரைக்காரர்களில் 8 சதவீதம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே திசைதான். தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் ஆரம்பித்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு அங்கேயே முதலில் கொடுப்பதில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு அட்டோர்வாஸ்டாடினும் உண்டு. மாத்திரையின் காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்தது. ஜெனெரிக் அட்டோர்வாஸ்டாடினில் யாரும் கோட்டை கட்டவில்லை.

தாத்தா 80 வயது வரை இருந்தார் என்பதும் சரி, 50-ல் "திடீரென்று மாரடைச்சுப் போய்ட்டார்" என்று சொல்லிப் புதைத்த தாத்தாக்களும் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பார்வர்ட் அனுப்புவதில்லை.

இட்லிப்பொடி

சண்டை நடக்கட்டும், எனக்கு இரண்டு சந்தேகம். முட்டை மஞ்சள் கரு சாப்பிடலாமா கூடாதா? பில்டர் காபியை விடச் சொல்லிவிடாதீர்கள் தயவுசெய்து.

சமையல்கட்டு

ஒரு மருத்துவமனை டயட் கிச்சனில் பல வருடம் வேலை பார்த்தவள். சொல்கிறேன்.

ஒரு மஞ்சள் கருவில் 190 மி.கி. போல கொலஸ்ட்ரால் இருக்கும். ஒரு நாளைக்கு 300-க்கு மேல் கூடாது என்று இருந்த பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-லேயே எடுத்துவிட்டது. தட்டில் இருக்கும் கொலஸ்ட்ராலைவிட, தட்டில் இருக்கும் நிறைகொழுப்புதான் (சாச்சுரேட்டட் கொழுப்பு) ரத்தத்தில் எல்டிஎல்லை ஏற்றும். ஆகவே சாதாரண ஆளுக்கு தினம் ஒரு முட்டை பெரிய தப்பில்லை. சர்க்கரை இருப்பவர்கள், எல்டிஎல் ஏற்கெனவே எகிறியவர்கள் வாரத்துக்கு மூன்று நாலோடு நிறுத்திக்கொள்ளலாம், வெள்ளைக்கரு இஷ்டம்போல். இறாலும் இதே கதை. கொலஸ்ட்ரால் அதிகம், நிறைகொழுப்பு கம்மி. அதைத் தேங்காய்ப்பாலில் போடுவதிலும் எண்ணெயில் பொரிப்பதிலும்தான் வம்பு.

எண்ணெய் விஷயத்தில் செக்காட்டி அண்ணனிடம் கொஞ்சம் சண்டை போடுவேன். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் தேங்காயெண்ணெயில் நிறைகொழுப்பு 90 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், செக்கு அதை மாற்றாது. மற்ற தாவர எண்ணெய்களுக்குப் பதில் தேங்காயெண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் சுமார் 10 புள்ளி ஏறியது என்று 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். நெய்யில் 60-க்கு மேல். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலில் 40-ஐத் தாண்டும். நல்லெண்ணெய், கடலெண்ணெய் இரண்டும் 20-க்குக் கீழே. ஆக நம் ஊர் நல்லெண்ணெய்க்கு என் ஓட்டு. ரீஃபைண்ட் பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும், எந்தத் தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருந்திருக்கிறது?

டால்டாவை நினைத்துப் பயப்படுவீர்கள். அந்த வகையில் இருந்த செயற்கை டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்கு மேல் விடக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. ஆனாலும் பேக்கரி பப்ஸிலும் கிரீம் பன்னிலும் நிறைகொழுப்பும் மைதாவும் அப்படியேதான் இருக்கின்றன, பலகாரக் கடையில் நாள் முழுக்க கொதிக்கும் சட்டியைப் பற்றி நான் பேசவே இல்லை. டீக்கு ஒரு வடை என்ற கணக்கை விடுங்கள், மாலையில் சுண்டல் கிடைக்கிற ஊர் இது.

சேர்க்க வேண்டியது கரையும் நார்ச்சத்து. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வெண்டைக்காய், ஊறவைத்த வெந்தயம், பார்லி, ஓட்ஸ், இசப்கோல். கொள்ளும் இதில் சேர்த்தி, அண்ணனோடு அந்த இடத்தில் ஒத்துப்போகிறேன், ஆனால் ரசத்தை வடித்துக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டால் பயனில்லை. வாரத்தில் இரண்டு நாள் மத்தி, அயிலை குழம்பாக. பொரிக்காமல்.

காபி: கொட்டையில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது, அது எல்டிஎல்லை ஏற்றும். தாள் வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், நம் பித்தளை, எவர்சில்வர் பில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் என்றால் யாரும் குடி மூழ்கிப் போக மாட்டார்கள், ஆறு டம்ளர் என்றால் யோசியுங்கள். பால் கொழுப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பச்சை பாக்கெட்டுக்குப் பதில் நீலப் பாக்கெட் வாங்குங்கள்.

இட்லிப்பொடி

இரண்டு டம்ளர். சரி. எங்கள் வீட்டு டம்ளர் சைஸை யாரும் கேட்காதீர்கள்.

உட்லண்ட்ஸ்வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே ரிப்போர்ட் மில்லிமோலில் வரும், ஊரில் மி.கி.யில். ஊருக்குப் போனபோது என் 4.9-ஐப் பார்த்துவிட்டு மாமா "அஞ்சுகூட இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்றார். 38.67-ஆல் பெருக்கினால் 190. வெளிநாட்டு ரிப்போர்ட்டை ஊர் டாக்டரிடம் காட்டுபவர்கள் கவனியுங்கள். 1.8 என்றால் 70, 2.6 என்றால் 100. ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் பெருக்கல் எண் வேறு, 88.57.

இங்கே 2025-ல் பரம்பரை கொலஸ்ட்ராலுக்கு மானியத்தோடு மரபணுப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு உறுதியானால் கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று வரிசையாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஓபி, உங்களுக்குத் தம்பி தங்கை இருந்தால் முதலில் அவர்களுக்கு ரத்தம் பாருங்கள், மரபணு வரைக்கும் போகத் தேவையில்லை, சாதாரண லிப்பிட் பரிசோதனையே பாதி சொல்லிவிடும்.

ஒரு கேள்வி டாக்டருக்கு. அட்டோர்வாஸ்டாடின் 40 ஆரம்பித்ததிலிருந்து தொடை வலி. மாத்திரையாலா, புதிதாக மாடிப்படி ஏற ஆரம்பித்ததாலா என்று தெரியவில்லை.

ராத்திரிடூட்டி

இரண்டு தொடையிலும் சமமாக வலித்து, மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் வந்திருந்தால் மாத்திரையாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லி சிகே (தசை பாதிப்பைக் காட்டும் நொதி) அளவு பாருங்கள். சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போனாலோ கைகாலைத் தூக்க முடியாத பலவீனம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது மிக அரிது ஆனால் விளையாட்டில்லை.

அதே சமயம் 2020-ல் லண்டனில் ஒரு சுவாரசியமான ஆய்வு வெளியானது. பக்கவிளைவால் ஸ்டாடினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று அர்த்தமில்லை, வலி நிஜம், மாத்திரையின் உள்ளே இருக்கும் மருந்து காரணமில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாதிப் பேர் திரும்ப ஆரம்பித்தார்கள். உங்கள் டாக்டர் சில வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம், வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம், அளவைக் குறைத்து எசெடிமைப் என்ற வேறு வகை கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கலாம். நீங்களாக நிறுத்திவிட்டு அப்படியே இருந்துவிடாதீர்கள், அதுதான் கெடுதல்.

மச்சான் சொன்ன சுகர் விஷயத்தில் உண்மை உண்டு. 255 பேர் நாலு வருடம் ஸ்டாடின் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை வரும் என்று 2010-ல் தொகுத்துச் சொன்னார்கள், பெரும்பாலும் ஏற்கெனவே சர்க்கரையின் வாசலில் நிற்பவர்களுக்கு. அதே 255 பேரில் ஐந்து பேருக்கு மாரடைப்பு போன்றவை தவிர்க்கப்படும். கணக்கை நீங்களே பாருங்கள். ஈரல் நொதி கொஞ்சம் ஏறுவது உண்டு, ஈரலே போவது மிக மிக அரிது.

வெண்ணெய்டீ

நீங்கள் சொன்னதை யோசித்தேன் டாக்டர். கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் (இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது) எடுத்துப் பார்க்கப் போகிறேன். பூஜ்யம் வந்தால் என் டயட்டைத் தொடர்வேன், அதில் மாற்றமில்லை.

ராத்திரிடூட்டி

வயது என்ன? 40-ஐ ஒட்டி என்றால் பூஜ்யம் வருவதுதான் சகஜம். சுண்ணாம்பு படிவது கடைசிக் கட்டம், மென்மையான படிவு ஸ்கேனில் தெரியாது. 55 வயதில் பூஜ்யம் வந்தால் அது வேறு செய்தி. டிரெட்மில் சோதனை, ஈசிஜி நார்மல் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன், அடைப்பு பாதிக்கு மேல் போகும்வரை அவை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது.

மருந்துக்கடை

கவுண்டரிலிருந்து இரண்டு வார்த்தை. எங்களிடம் கொலஸ்ட்ரால் மாத்திரை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் காணாமல் போய்விடுவார்கள். கேட்டால் "நார்மல் வந்துடுச்சு, நிறுத்திட்டேன்" என்பார்கள். நார்மல் வந்ததே மாத்திரையால்தான், நிறுத்திய சில வாரத்தில் பழைய இடத்துக்குப் போய்விடும். பிரஷர் மாத்திரைக்கும் இதே கூத்து.

செலவு பார்க்கிறவர்கள் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள், அதே மருந்து பெயரில் விலை ரொம்பக் கம்மி. சளி இருமலுக்கு கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தால் நீங்கள் அட்டோர்வாஸ்டாடினோ சிம்வாஸ்டாடினோ சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் தசைக்கு ஆகாது. பம்பளிமாஸ் பழமும் இந்த இரண்டு மாத்திரைக்கு ஒத்துவராது. ரோசுவாவுக்கும் அட்டோர்வாவுக்கும் ராத்திரிதான் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, மறக்காத நேரம் எதுவோ அதில் போடலாம். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும், பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள்.

செக்காட்டி

சரி, கொள்ளு ரசத்தையாவது விட்டுவைத்தீர்களே. என் எண்ணெய்க் கருத்தில் நான் மாறவில்லை. ஆனால் அப்பாவும் சித்தப்பாவும் இப்படி என்றால், குடும்ப வரலாறு உள்ளவர்கள் விஷயம் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஓபியின் பதிவில் அதைச் சரியாகக் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.

பனியன்கம்பெனி

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும், சீசன் ஆர்டர். இங்கே படித்த வாரமே மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். தைராய்டு நார்மல், சிறுநீர் நார்மல். லிப்போபுரோட்டீன் ஏ 86. ஊசிமுனை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு கருவிழி ஓரத்தில் இருக்கிறது என்று டாக்டரே டார்ச் அடித்துக் காட்டினார், இத்தனை வருடம் கண்ணாடியில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

தம்பிக்குப் பார்த்தோம், எல்டிஎல் 181. அவன் 34 வயது, தினமும் ஜிம். மச்சான் அதற்குப் பிறகு பேசுவதில்லை, மாறாக அவரே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

என் இப்போதைய ரிப்போர்ட்: மொத்தம் 168, எச்டிஎல் 43, ட்ரைகிளிசரைடு 145, எல்டிஎல் 96. பாதியாகிவிட்டது என்று சந்தோஷமாகப் போனால் டாக்டர் போதாது என்கிறார், எசெடிமைப் 10 சேர்த்திருக்கிறார். ரோசுவாவையே 40 ஆக்கக் கூடாதா என்று கேட்டேன், சிரித்துவிட்டு வேண்டாம் என்றார், ஏன் என்று சொல்ல நேரமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம். அம்மாவின் பாட்டிலை நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டோம், சண்டை போடத் தெம்பில்லை.

கேள்வி: மகளுக்கு 9 வயது. அவளுக்கும் ரத்தம் எடுக்கலாமா? மனைவி பயப்படுகிறாள், இந்த வயதிலேயே மாத்திரையா என்று.

ராத்திரிடூட்டி

ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் மேலும் 6 சதவீதம் போலத்தான் குறையும், எசெடிமைப் சேர்த்தால் 20 சதவீதம் போலக் குறையும். அது குடலில் உறிஞ்சுவதைத் தடுக்கிறது, ஸ்டாடின் ஈரலில் வேலை செய்கிறது, அதனால் சேர்ந்து பலன். அதற்குத்தான் உங்கள் டாக்டர் சிரித்திருப்பார். லிப்போபுரோட்டீன் ஏ 86 இருப்பதால் எல்டிஎல்லை 70-க்குக் கீழ் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறார், சரியான முடிவு.

மகளுக்குப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2 வயதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், 9 நல்ல வயது. கூடுதலாக வந்தால் உடனே மாத்திரை என்று அர்த்தமில்லை. முதலில் சாப்பாடு, விளையாட்டு, மறுபடி ஒரு பரிசோதனை. அதற்குப் பிறகும் அதிகமாகவே இருந்தால் 8 முதல் 10 வயதுக்கு மேல்தான் குழந்தைகளுக்கு மருந்தை யோசிப்பார்கள், அதுவும் குழந்தை இதயநோய் மருத்துவர் பார்த்து.

லேப்சேது

குழந்தையை வெறும் வயிற்றில் கூட்டி வந்து வாட்டாதீர்கள், முதல் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம். ட்ரைகிளிசரைடு மிகவும் கூடுதலாக வந்தால் மட்டும் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் எடுப்போம். காய்ச்சல், சளி இருக்கும் வாரத்தில் வேண்டாம், எண் குறைவாகக் காட்டி ஏமாற்றும். உங்கள் சித்தப்பா பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு யார் சொல்லப் போகிறீர்கள்?

பனியன்கம்பெனி

மூன்று பேர். ஒருவன் கோவை, ஒருவன் துபாய், தங்கச்சி தாராபுரம். இந்த இழையின் லிங்கைக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறேன். தங்கச்சி மட்டும் பார்த்துவிட்டு ஒரு தம்ஸ்அப் வைத்திருக்கிறாள், மற்ற இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன்.